ஆமை நடைக்குக் கிளம்பும் முன்

நள்ளிரவு தாண்டி ஒரு மணி இருக்கும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் பக்கமாக நடந்துகொண்டிருந்தோம். ஈர மணலிலிருந்து மேட்டுக்கு ஒரு தடம் ஏறியது. சின்ன டிராக்டர் போனதுபோல இருபுறமும் பல் பல்லாகப் பதிந்திருந்தது. ஏறிய தடம் மட்டும்தான், இறங்கிய தடம் இல்லை. ஆமை இன்னும் மேலேதான் இருக்கிறது என்று அர்த்தம். முன்னால் போனவர் கையை உயர்த்தினார், எல்லோரும் நின்றோம். அந்த நேரம் பார்த்து, அன்றைக்குத்தான் புதிதாக வந்திருந்த ஒரு பையன் செல்போன் டார்ச்சைப் போட்டுவிட்டான். இடம் பார்த்துக்கொண்டிருந்த ஆமை அப்படியே நின்றது. பிறகு மெல்லத் திரும்பிக் கடலுக்கே போய்விட்டது. படகு ஓரத்தில் படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "ஏன் தம்பி, பிரசவத்துக்கு வந்த பொம்பள மூஞ்சில லைட் அடிப்பியா?" என்றார்.

பையன் மேல் தப்பில்லை. யாரும் அவனிடம் முன்கூட்டியே எதுவும் சொல்லவில்லை. ஆமையைக் காப்பாற்ற வருகிறவர்களுக்கு ஆர்வம் நிறைய இருக்கிறது. எதைச் செய்யலாம், எதைச் செய்தால் சட்டப்படி குற்றம், தனக்கு ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது என்பது மட்டும் தெரிவதில்லை.

சென்னைக் கரைக்கு வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை. பெயர் பங்குனி என்றாலும் மார்கழிக் கடைசியிலேயே வரத் தொடங்கிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை பருவம். ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறித்து, பிங்பாங் பந்து அளவில் நூறு, நூற்றிருபது முட்டைகளை இட்டு, மூடி, உடம்பால் தட்டிச் சமன்செய்துவிட்டுப் போய்விடும். திரும்பி வந்து பார்ப்பதில்லை. 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். நாய்களும் விளக்குகளும் மனிதக் கால்களும் நிறைந்த நகரக் கரையில் அந்த முட்டைகள் தானாகப் பிழைப்பது கஷ்டம். அதனால்தான் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். 1970களில் ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும் தொடங்கிய இந்த இரவு நடையை, 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு விடாமல் நடத்தி வருகிறது. மீனவக் குப்பத்து இளைஞர்களையே காவலர்களாகச் சேர்த்து நடத்தும் அமைப்புகளும் இந்தக் கரையில் உண்டு.

முதலில் சட்டம். காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இந்தியக் கடலுக்கு வரும் ஐந்து வகை ஆமைகளும் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான் ஆமைக்கும். இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருளல்ல. ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும்கூட வேட்டைதான். ஆக, நல்ல எண்ணத்தோடு, "நாய் தின்றுவிடுமே" என்று நீங்களாக ஒரு கூட்டைத் தோண்டி முட்டைகளை வாளியில் அள்ளினால், சட்டத்தின் கண்ணில் நீங்களும் முட்டை திருடியவரும் ஒன்று. 2022 திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணை உயிரினங்களுக்கு எதிரான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

முட்டையைக் கையால் தொடும் வேலை, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியோடு, வனத்துறையின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். நீங்கள் சேரும் குழுவிடம் முதல் கேள்வியாக இதையே கேளுங்கள்: "இந்த வருஷத்துக்கான அனுமதிக் கடிதம் இருக்கிறதா?" ஒழுங்காக நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துக் காட்டுவார்கள்.

அனுமதி வெறும் காகிதம் இல்லை. முட்டை இட்ட சில மணி நேரத்துக்குள் இடம் மாற்றியாக வேண்டும். அதற்குப் பிறகு கரு ஓட்டின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் முட்டையைப் புரட்டினால் உள்ளே இருப்பது செத்துவிடும். வெளியே பார்த்தால் முட்டை முழுசாகத்தான் இருக்கும். மண்ணின் சூட்டை வைத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகிறது. சூடு கூடினால் பெண் அதிகம். பொரிப்பகத்துக்கு எங்கே நிழல், எவ்வளவு ஆழம், எத்தனை இடைவெளி என்பதெல்லாம் பழகியவர் சொல்லித்தான் தெரியும்.

குஞ்சு வெளிவந்த பின்னும் ஆசை அடங்காது. கையில் ஏந்தி, அலையில் விட்டு, படம் எடுக்க வேண்டும். வேண்டாம். ஈரமணலில் விட்டு அது தானாக நடந்து கடலுக்குள் இறங்கட்டும். வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போவது அதன் இயல்பு. இருட்டான கரையில் கடல்தான் வெளிச்சமாகத் தெரியும். உங்கள் ஃபிளாஷும் ஓட்டலின் மொட்டைமாடி விளக்கும் அதைத் திசைமாற்றிவிடும்.

இங்கே இலங்கையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு கொடுத்து 'தன்னார்வலர்' ஆகும் வழக்கம் அங்கே பெரிய தொழில். காலியிலிருந்து கொழும்பு போகும் வழியில் கொஸ்கொட. அங்கே வரிசையாக ஆமைப் பொரிப்பகங்கள். பல இடங்களில் ஊர்க்காரர்களிடம் முட்டையைக் காசுக்கு வாங்கிப் புதைக்கிறார்கள். பொரிந்த குஞ்சுகளைச் சுற்றுலாப் பயணிகள் பார்ப்பதற்காகத் தொட்டியில் நாள்கணக்கில் வைத்திருப்பதும் உண்டு. பிறந்த குஞ்சு வயிற்றிலுள்ள மஞ்சள்கருவின் பலத்தில்தான் முதல் சில நாட்கள் இடைவிடாமல் நீந்தி ஆழ்கடலை அடையும். அந்தப் பலத்தைத் தொட்டிச் சுவரில் முட்டியே தீர்த்துவிட்டால் கடலில் என்ன செய்யும்? அதே தீவில் தெற்கே ரெக்காவ இருக்கிறது. அங்கே 1996-இல் முட்டை எடுத்துப் பிழைத்த ஊர்க்காரர்களையே கூலி கொடுத்துக் காவலுக்கு அமர்த்தினார்கள். முட்டைகள் கூடு போட்ட இடத்திலேயே பொரிந்தன. கொஸ்கொடவா, ரெக்காவவா என்று கேட்டால் என் ஓட்டு ரெக்காவவுக்குத்தான். ஒரு திட்டம் 'சமூகம் சார்ந்தது' என்று விளம்பரம் செய்தால், அந்தச் சமூகத்துக்கு அதில் சம்பளமும் பேச்சுரிமையும் இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சை வெள்ளிக்கிழமை பொரியவைத்து ஞாயிறு வரை பிடித்து வைத்திருப்பவரிடம் போகாதீர்கள்.

காசு என்றதும், முகாம் கட்டணம் என்று வாங்கிக்கொண்டு சொன்னதைச் செய்யாத கதைகளும் காதில் விழுகின்றன. நன்கொடையா, கட்டணமா என்று கேட்டு ரசீது வாங்குங்கள். கட்டணம் என்றால் நீங்கள் நுகர்வோர். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி என்று சொன்னது கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

இரவு நடையில் உடம்புக்கு வரும் ஆபத்து சாதாரணமானதுதான், ஆனால் நிச்சயமானது. உடைந்த பீர் பாட்டில், தெருநாய், அடையாறு முகத்துவாரத்தில் திடீரென்று ஆழமாகும் மணல். செருப்பில்லாமல் நடக்காதீர்கள். நாய் கடித்தால் காலைவரை காத்திருக்காமல் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்காத தன்னார்வலருக்குத் தொழிலாளர் இழப்பீடு தானாக வராது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். குழு காப்பீடு எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் சொந்தமாக ஒரு விபத்துக் காப்பீடு எடுங்கள். அடையாள அட்டை பையில் இருக்கட்டும். ராத்திரி ஒரு மணிக்குக் கடற்கரையில் ரோந்து போலீஸ் நிறுத்திக் கேட்பது நியாயம்தான்.

பெண்களுக்கான ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் சம்பளம் வாங்குபவரை மட்டும் 'பணியாளர்' என்று சொல்லவில்லை. தன்னார்வமாக வேலை செய்பவரையும் சேர்த்தே சொல்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அமைப்பு என்றால் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சின்ன அமைப்பு என்றால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். "நாங்க எல்லாம் குடும்பம் மாதிரி" என்று மழுப்பும் குழுவிடம் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னாலே போதும், பேச்சு மாறும். அவசரத்துக்கு 112, 181. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். குழந்தைகளுக்கான எண் 1098.

இனி, செத்த ஆமை. இதுதான் மனசை அதிகம் உலுக்கும், இதில்தான் தன்னார்வலர் உண்மையில் பயன்படவும் முடியும். 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தவை நிறைய. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. மணிக்கணக்கில் இழுக்கப்படும் இழுவை மடிக்குள் சிக்கினால் மேலே வந்து மூச்சு வாங்க வழியில்லாமல் செத்துப்போகும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-இன்படி விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. ஆமை தப்பிக்க வலையில் கம்பிச் சட்டமும் வழியும் வைக்கும் கருவியைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் எப்போதோ உருவாக்கிவிட்டது. அதைப் பொருத்தாததைக் காரணம் காட்டி அமெரிக்கா 2019 முதல் இந்தியக் கடல் இறாலை வாங்குவதில்லை. விதி இருக்கிறது, கருவி இருக்கிறது. கடலில் பார்த்துக்கொள்ள ஆள்தான் போதவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இது: செத்த ஆமையைப் புதைக்கவோ தள்ளவோ வேண்டாம். இடம், தேதி, நேரம், ஓட்டின் நீளம், காயம் உண்டா, வலைத்துண்டு சுற்றியிருக்கிறதா என்று எழுதி, படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். கால்நடை மருத்துவரின் உடற்கூறாய்வு கேளுங்கள். எத்தனை படகு மீது நடவடிக்கை எடுத்தார்கள் என்று மீன்வளத்துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். முட்டையிடும் கரைகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில் மிகக் கடுமையான பிரிவில் வருகின்றன. அங்கே கட்டடம் எழும்பினால் ஆறு மாதத்துக்குள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். காட்டுயிர்க் குற்றத்தில் துறை அசையாவிட்டால், 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு நீங்களே நீதிமன்றத்தில் புகார் செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

உயிரோடு ஒதுங்கிய ஆமையைக் கடலில் தள்ளிவிடாதீர்கள். நிழலில் வைத்து, ஈரத்துணி போர்த்தி, மூக்கை மூடாமல் விட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இதில் மீனவரை எதிரியாக நிறுத்தாதீர்கள். கட்டுமரக்காரரும் ஃபைபர் படகுக்காரரும் விசைப்படகால் ஆமையைப்போலவே அடிபடுகிறவர்கள். செவுள் வலையில் சிக்கிய ஆமையை வலையை அறுத்து விடுவித்தால் ஆமைக்கு உயிர், மீனவருக்கு ஆயிரக்கணக்கில் நஷ்டம். மகாராஷ்டிரத்தில் இப்படி அறுபட்ட வலைக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தரும் திட்டம் இருக்கிறது. அப்படியொன்றை ஊர்ப் பஞ்சாயத்தோடு சேர்ந்து கேட்பதும் தன்னார்வலர் வேலைதான், முட்டை எண்ணுவது மட்டுமல்ல.

இன்னொன்று. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது. அதற்குள் பங்குனி ஆமைகள் பெரும்பாலும் முட்டையிட்டு முடித்திருக்கும். உங்கள் புகார்க் கடிதத்தை ஜனவரியிலேயே எழுதுங்கள்.