பெட்ஷீட் கடை வெப்சைட்டும் ஐயாயிரம் ரூபாயும்

இந்த எபிசோடில் விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். "சின்னக் கடைக்கு வெப்சைட் இருக்கு, ஆனா அதனால ஒண்ணும் நடக்கல, புதுசா பண்ணணுமா?" என்று நிறையப் பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. பொதுவாகப் பேசினால் எதுவும் மனசில் நிற்காது. அதனால் நான் கையை விட்டுப் பார்த்த ஒரே ஒரு சைட்டைப் பற்றி மட்டும் சொல்றேன்.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, சென்னிமலையில் கைத்தறி பெட்ஷீட் கடை வைத்திருக்கிறார். போன வருஷம் ஆடி மாசம் ஒருநாள் போன் பண்ணினார். "மாப்ள, வெப்சைட்டு பழசாயிப் போச்சாமா. புதுசா பண்ண எண்பத்தஞ்சாயிரம் கேக்கறாங்க. குடுத்துரலாமா?"

எந்தக் காசு மாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தீபாவளிச் சரக்குக்கு நூல் எடுக்க வைத்திருந்த காசு. அதைக் கொடுத்துவிட்டால் தறிக்காரர்களுக்கு நூல் கொடுக்கக் கடன் வாங்கணும். "கொஞ்சம் பொறுங்க, சனிக்கிழமை வர்றேன்" என்றேன். உங்க பட்ஜெட் எவ்வளவு என்றதற்கு, "காசில்லாம ஆனா நல்லது. இல்லீன்னா ஒரு அஞ்சாயிரம்" என்றார்.

அந்த சைட் அஞ்சு வருஷத்துக்கு முன் ஈரோட்டில் ஒரு பையன் வேர்ட்பிரஸ்ஸில் செய்து கொடுத்தது. ஆரம்பத்தில் லாட்ஜ், ஹாஸ்டல் என்று மொத்த ஆர்டர்கள் வந்ததாம். அப்புறம் படிப்படியாக நின்றுவிட்டது. டிசைன் பழசானதுதான் காரணம் என்று கொட்டேஷன் கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு சாஃப்ட்வேர் ஓடவில்லை என்றால் நாங்கள் முதலில் எங்கே உடைகிறது என்று பார்ப்போம், மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப எழுத மாட்டோம். சரி, சில சமயம் அதையும் செய்வோம். அது வேற கதை.

நான் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. அத்தையிடம் அவங்க போனையே கொடுத்து, வைஃபையை ஆஃப் பண்ணிவிட்டு, "நம்ம சைட்டுல டபுள் பெட்ஷீட் என்ன விலைன்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன். வெள்ளைத் திரை. அப்படியே நின்றது. பிறகு ஒரு ஸ்லைடர் பாதிப் பாதியாக வந்தது. அத்தை கீழே தள்ளினார், மேலே தள்ளினார், மெனுவைத் திறந்தார். "எங்க கண்ணு விலை இருக்குது?" இல்லை. எந்தப் பக்கத்திலும் இல்லை. "செரி, போன் பண்ணிக் கேளுங்க" என்றேன். நம்பரைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அது எழுத்து இல்லை, பேனர் படத்துக்குள் இருந்த நம்பர். கடைசியில் அத்தை என்ன செய்தார் தெரியுமா? "ஒரு பேனா குடு" என்றார், பில் புக்கின் பின்னால் எழுதிக்கொள்ள.

மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன நாளும் இப்பிடித்தான் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். அவர் எப்பவும் கடை வைஃபையில், ஏற்கெனவே ஒருமுறை திறந்த போனில்தான் பார்த்திருக்கிறார். அப்படிப் பார்த்தால் எல்லாச் சைட்டும் வேகமாகத்தான் இருக்கும், படங்கள் போனிலேயே சேமிப்பில் இருக்கும் இல்லையா?

பத்து நிமிஷத்தில் பட்டியல் கிடைத்துவிட்டது. இதற்குச் செலவு பூஜ்ஜியம். உங்க சைட்டுக்கு வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்து பாருங்க. சைட்டைத் தெரியாத ஒருவர், விலை குறைந்த போன், மொபைல் டேட்டா. நீங்க வாயைத் திறக்கக் கூடாது, அது மட்டும் கஷ்டம்.

முதலில் படங்கள். ஹோம் பேஜின் மொத்த எடை 19 எம்பி. ஸ்லைடரில் அஞ்சு போட்டோ, கேமராவிலிருந்து வந்த சைஸிலேயே, ஒவ்வொன்றும் 6000 பிக்சல் அகலம். போன் திரைக்கு 1200 பிக்சல் இருந்தாலே தாராளம். வேர்ட்பிரஸ் தானாகவே சின்னச் சின்ன சைஸ்களில் படத்தைத் தயார் செய்யும், 2015 முதல் போனுக்கு ஏற்ற சைஸை அனுப்பவும் செய்யும். ஆனால் மீடியா லைப்ரரி வழியாக ஏற்றினால்தான். இங்கே படங்களை நேராகத் தீம் ஃபோல்டரில் போட்டிருந்தார்கள், அதனால் முழுப் படமும் அப்படியே இறங்கியது.

ஸ்குவூஷ் என்று கூகுள் குரோம் குழு வெளியிட்ட இலவசக் கருவி ஒன்று இருக்கிறது. பிரவுசரிலேயே ஓடும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அதில் அகலத்தைக் குறைத்து வெப்பி ஃபார்மட்டில் சேமித்தேன். நாலு எம்பி படம் 140 கேபிக்கு வந்தது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஸ்லைடரையே எடுத்துவிட்டு ஒரே ஒரு படம் வைத்தேன். யாருமே மூன்றாவது ஸ்லைடு வரை காத்திருந்து பெட்ஷீட் வாங்குவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

வேகத்தை அளக்க கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ், அதுவும் இலவசம். ஒரு நடுத்தர போன், மெதுவான நெட் என்று வைத்துக்கொண்டு சோதிக்கும். பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ தெரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். கூகுள் கணக்கில் 2.5 விநாடிக்குள் வந்தால் நல்லது. எங்களுக்கு 17 விநாடியிலிருந்து 2.9க்கு வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன். நூற்றுக்கு நூறு மார்க் வாங்கணும் என்று ராத்திரி முழிக்காதீங்க, அது நமக்கு எஞ்சினியரிங் காலேஜ் கொடுத்த வியாதி.

இப்போ தமிழ் சைட்டுக்கே உரிய ஒரு பிரச்சினை. கடையின் விவரங்கள் எல்லாம் அழகான தமிழில் இருந்தன, ஆனால் படமாக. ஃபிளெக்ஸ் அடிக்கும் டிடிபி கடையில் பாமினி மாதிரி பழைய ஃபாண்டில் அடித்திருப்பார்கள். அந்த ஃபாண்ட்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கான குறியீடு, மேலே தமிழ் உருவம். ஃபாண்ட் இல்லாத இடத்தில் ஒட்டினால் புரியாத ஆங்கிலக் குப்பையாக வரும். அதனால் அந்தப் பையன் சுலபமாக ஃபிளெக்ஸ் டிசைனையே ஜேபெக்காக ஏற்றிவிட்டான். கஸ்டமர் காப்பி செய்ய முடியாது, பார்வையில்லாதவர்களுக்கு ஸ்கிரீன் ரீடர் படித்துச் சொல்லாது, தேடலில் வரும் என்று நம்பவும் முடியாது. எல்லாவற்றையும் யூனிகோடில் திரும்ப டைப் செய்தேன், ஒரு மதியம் ஆனது. பக்கத்தின் தலைப்பு வெறும் 'ஹோம்' என்று இருந்தது. அதை 'சென்னிமலை கைத்தறி பெட்ஷீட், சில்லறை மற்றும் மொத்த விற்பனை' என்று மாற்றி, அதையே ஆங்கிலத்திலும் சேர்த்தேன். நம்ம ஆட்களே கூகுளில் பாதி நேரம் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள்.

விலை போடுவதில்தான் பெரிய சண்டை. "பக்கத்துக் கடக்காரன் பாத்துருவான் மாப்ள." அவன் ஒரு ஆளை அனுப்பிக் கேட்டால் அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துவிடாதா மாமா என்றேன். அதற்கு அவர், "மொத்த விலை ஆளுக்கு ஆள் மாறும், அதப் போட முடியாது" என்றார். அது நியாயம். கடைசியில் சில்லறை விலை சைட்டில், மொத்த விலை போனில் என்று முடிவானது. மத்த விவரங்களுக்கு அவருடைய வாட்ஸ்அப்பில் ஒரு மாசத்து உரையாடலைப் படித்தேன். எல்லாரும் கேட்பது அதே அஞ்சாறு கேள்விதான்: எத்தனை இஞ்ச், சாயம் போகுமா, குறைஞ்சது எத்தனை பீஸ், பார்சல் எதில் வரும், ஜிஎஸ்டி பில் உண்டா. அவர் அனுப்பிய பதில்களையே எடுத்துப் போட்டேன். "அடர் கலர் முதல் தடவ கொஞ்சம் சாயம் விடும், தனியா அலசுங்க" என்பது உட்பட. அதை எடுத்துவிடச் சொன்னார், நான் எடுக்கவில்லை.

வாட்ஸ்அப் லிங்க் செய்யும்போது ஒரு சின்ன விஷயம். நம்பருக்கு முன்னால் 91 மட்டும், பிளஸ் குறியும் பூஜ்ஜியமும் இடைவெளியும் கூடாது. கூடவே முன்கூட்டியே ஒரு வாக்கியம் வைக்கலாம். மொத்த விற்பனைப் பக்கத்தில் இருக்கும் பட்டனைத் தொட்டால் "ஹாஸ்டலுக்கு மொத்தமா வேணும்" என்று தானாக வரும். அந்த வாக்கியத்தோடு வருபவர் சைட்டிலிருந்து வந்தவர் என்று மாமாவுக்குத் தெரியும். எங்க அனலிட்டிக்ஸ் அவ்வளவுதான்.

கூகுள் மேப்பில் கடை இருந்த இடமும் தப்பு, மலை அடிவாரத்தில் காட்டியது. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் கடையை வீடியோ எடுத்து அனுப்பி உரிமையைச் சரிபார்த்து மாற்றினோம். கட்டணம் இல்லை.

இவ்வளவு நேரம் சொன்னது எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் கொஞ்சம் நஷ்டம், அவ்வளவுதான். ஆனால் டொமைன் அப்படி இல்லை. சும்மா ஒரு பார்வைக்கு ஐகான் லுக்கப்பில் பேரைப் போட்டுப் பார்த்தேன். காலாவதியாக இன்னும் 41 நாள். யார் பேரில் இருக்கிறது என்று மறைத்திருந்தது. மாமாவிடம் லாகின் இல்லை, 'டொமைன், ஹோஸ்டிங்' என்று எழுதிய ஒரு பில் மட்டும் இருந்தது. கடைப் பலகையிலும் பெட்ஷீட் பையிலும் அஞ்சு வருஷமாக அச்சடித்த பேர் வேற யாரோ ஒருவர் அக்கவுண்டில் இருக்கிறது. புதுப்பிக்கச் சொல்லும் மெயில் எல்லாம் அவருக்குத்தான் போகும். தேதி தாண்டினால் சில நாள் சலுகை உண்டு. அதற்கப்புறம் டாட் காம் பேருக்கு 30 நாள் மீட்புக் காலம், அப்போது மீட்க அபராதம் கனமாக இருக்கும். அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கலாம்.

பையனின் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. விசிட்டிங் கார்டு அடித்த கடையில் விசாரித்து ஒரு வழியாகப் பிடித்தோம். அவன் வேலைக்குப் பெங்களூரு போயிருந்தான். நல்ல பையன், "அண்ணா, சுத்தமா மறந்துட்டேன்" என்று அன்று ராத்திரியே லாக்கை எடுத்துவிட்டு டிரான்ஸ்ஃபர் கோடை அனுப்பினான். இங்கே வரிசை முக்கியம். முதலில் உங்க அக்கவுண்டுக்கு மாற்றுங்க, உரிமையாளர் பேரை அப்புறம் திருத்துங்க. பேரை முதலில் மாற்றினால் பல இடங்களில் 60 நாள் பூட்டு விழும். எங்களிடம் இருந்ததே 41 நாள்.

புதுக் கொட்டேஷன் கொடுத்தவர்களிடம் டொமைன் யார் பேரில் இருக்கும் என்று கேட்கச் சொன்னேன். "எல்லாம் நாங்களே பாத்துக்குவோம்" என்று பதில். அதே கொட்டேஷனில் எஸ்எஸ்எல்லுக்கு வருஷம் 3,000 ரூபாய் தனியாக. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரு பட்டன்தான். இலவசம் என்றாலே நல்லது என்றும் சொல்ல வரவில்லை. பிசினஸ் ப்ரொஃபைலோடு கூகுள் இலவசமாகக் கொடுத்த சைட்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். அந்த முகவரியைக் கார்டில் அடித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க.

நான் சொதப்பியதையும் சொல்லணும். ஹோஸ்டிங்கில் பிஹெச்பி 7.4 ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு 2022 நவம்பரோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுபோச்சு. இதுதானே என்று பேக்கப் எடுக்காமல் 8க்கு மாற்றினேன். பழைய தீம் தாங்கவில்லை, முழு வெள்ளைத் திரை. மாமா போன்: "மாப்ள, சைட்டே காணோம்?" பழைய வெர்ஷனுக்குத் திருப்பியதும் வந்துவிட்டது, ஆனால் அதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. மறுநாள் பேக்கப் எடுத்து, இலவசத் தீம் ஒன்றுக்கு மாறி, அப்புறம்தான் பிஹெச்பியைத் தொட்டேன். தினமும் சர்வரில் வேலை செய்கிற ஆள் நான்.

செலவு: டொமைன் மாற்றியதற்கு ஆயிரத்துச் சொச்சம், அதில் ஒரு வருஷப் புதுப்பித்தலும் அடக்கம். ஹோஸ்டிங் 2,400. போட்டோக்களுக்குச் செலவில்லை, காலை வெயில் வரும் வாசல் பக்கம் கட்டிலைப் போட்டு, ஒரு மூலையை மடித்துவிட்டு நெசவு தெரியும்படி போனிலேயே எடுத்தோம். கார்ட், ஆன்லைன் பேமென்ட் வேண்டாம் என்று விட்டோம். கைத்தறியில் ஒரு லாட் கலர் அடுத்த லாட்டில் அப்படியே வராது, தினமும் ஸ்டாக்கைத் திருத்த அங்கே ஆளும் இல்லை.

ஆர்டர் கொட்டவில்லை. ரெண்டு மாசத்தில் "ஹாஸ்டலுக்கு மொத்தமா வேணும்" என்று 11 மெசேஜ் வந்தது, 3 ஆர்டர் ஆனது. அதில் ஒன்று கோயம்புத்தூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல், 120 பீஸ். நூல் காசு நூலுக்கே போச்சு.

எல்லாம் முடிந்ததும் அத்தையிடம் திரும்பப் போனைக் கொடுத்தேன். அதே கேள்வி. ரெண்டு தட்டில் டபுள் பெட்ஷீட் பக்கத்துக்குப் போய்விட்டார். நான் பெருமையாக நிற்கிறேன். அத்தை போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, தொள்ளாயிரம்னு போட்டிருக்குற? நாம எண்ணூத்தம்பதுக்குத்தான குடுக்கறோம்?" என்றார். மாமா மெதுவாக உள்ளே போய்விட்டார்.