துடிக்கும் வால்வுக்கு ஒரு தேர்வு

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு கசிந்தால், அதை மாற்றாமல் பழுதுபார்க்க முடிந்தால் நோயாளிக்குப் பெரும் நன்மை. இதழ்களைச் சீராக்கி, வாயைச் சுற்றி ஒரு வளையம் வைத்துத் தைக்கும் முறையை வளர்த்தெடுத்தவர் பிரான்ஸின் அலென் கார்ப்பான்டியே. ஆனால், தைத்தது சரியாக மூடுகிறதா என்று எப்படி அறிவது?

நிறுத்தி வைத்த இதயத்தின் இடது கீழறையில் உப்புநீரை நிரப்பி, இதழ்கள் பொருந்துகின்றனவா என்று அறுவை மருத்துவர் பார்ப்பார். அது முதல் சோதனைதான். இதயம் துடித்து ரத்தத்தைத் தள்ளும்போது வால்வு எப்படி நடந்துகொள்கிறது என்பதே முக்கியம். அதைக் காட்டுவது எக்கோ எனும் மீயொலிப் பரிசோதனை.

நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே உணவுக்குழாய்க்குள் மீயொலிக் கருவி ஒன்றை இறக்கியிருப்பார்கள். இடது மேலறையின் பின்புறத்தை ஒட்டியே உணவுக்குழாய் செல்வதால், விலா எலும்போ நுரையீரலோ குறுக்கிடாமல் வால்வு தெளிவாகத் தெரியும். இதய-நுரையீரல் இயந்திரத்திலிருந்து விடுபட்டு இதயம் தானே இயங்கத் தொடங்கியதும் தேர்வு ஆரம்பம்.

முதல் கேள்வி, கசிவு மிஞ்சியிருக்கிறதா? பின்னோக்கிப் பாயும் ரத்தத்தை எக்கோவின் டாப்ளர் முறை வண்ணத்தில் காட்டும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மயக்க மருந்தால் ரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தால், கசிவும் குறைவாகவே தோன்றும். அதனால் மருந்து கொடுத்து அழுத்தத்தை இயல்புக்கு உயர்த்திய பிறகே தீர்ப்புச் சொல்வார்கள்.

அடுத்தது, இறுக்கித் தைத்ததில் வால்வு குறுகிவிட்டதா? ரத்தம் பாயும் வேகத்தை மீட்டர்/நொடி கணக்கில் அளந்து, அதன் வர்க்கத்தை 4ஆல் பெருக்கினால் அழுத்த வேறுபாடு கிடைக்கும். 1.5 மீட்டர் என்றால் 9 மி.மீ. பாதரசம். வால்வு வழியே ரத்தம் கீழறைக்குள் பாயும் நேரம் முழுவதற்குமான சராசரி 5ஐத் தாண்டினால் மருத்துவர்கள் யோசிப்பார்கள்.

மூன்றாவது, முன் இதழ் முன்னோக்கி இழுபட்டு, மகாதமனிக்குச் செல்லும் பாதையை மறிக்கிறதா? பெரும்பாலும் இதற்கு மறுபடி கத்தி எடுக்க வேண்டியதில்லை. இதயத்தை முடுக்கும் மருந்தை நிறுத்தி, திரவம் ஏற்றி, துடிப்பை மெதுவாக்கினால் சரியாகிவிடும். குறிப்பிடத்தக்க கசிவு நீடித்தால், மீண்டும் இயந்திரத்தில் இணைத்துத் திருத்துவார்கள். நெஞ்சு மூடப்படும் முன்பே இந்த முடிவை எடுக்க முடிவதுதான் எக்கோவின் பெரும் கொடை.

1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெல்முத் ஹெர்ட்ஸும் இதயத்தை நோக்கி மீயொலியைச் செலுத்தியபோது, மைட்ரல் வால்வு குறுகியிருக்கிறதா, கசிகிறதா என்பதை அறுவைக்கு முன் அறிவதே எட்லரின் தேவை. அன்று அறுவைக்கு வழிகாட்டத் தேடிய ஒலி, இன்று அறுவையையே மதிப்பிடுகிறது.

வீடு திரும்பிய பிறகும் இந்தத் தேர்வு தொடர வேண்டும். முதல் சில வாரங்களில் எடுக்கும் எக்கோதான் பிற்காலத்தில் ஒப்பிடுவதற்கான அடிப்படை. கசிவு மெல்லத் திரும்பினால் மூச்சிரைப்பு வருமுன்பே இதயம் விரிவடையத் தொடங்கிவிடலாம். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்கு, பழுதுபார்த்த பின்னும் நோய் தொடரக்கூடும். எனவே, உடம்பு நன்றாக இருக்கிறது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் எக்கோ அறிக்கையைப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.