செய்யாததை ஏன் ஒப்புக்கொள்கிறார்கள்?

2017 செப்டம்பரில் குருகிராமில் ஒரு தனியார் பள்ளியில் ஏழு வயதுச் சிறுவன் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டான். அன்றே பள்ளிப் பேருந்து நடத்துநர் கைதானார். போலீஸ் காவலில் இருந்தபடியே டிவி கேமராக்கள் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டார், நாடே நம்பியது. பிறகு விசாரித்த சிபிஐ, அவருக்கு எதிராக ஆதாரம் இல்லை என்றது. அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவனை நவம்பரில் பிடித்தது. 2018 பிப்ரவரியில் நடத்துநரை நீதிமன்றம் வழக்கிலிருந்து விடுவித்தது. அடித்துத்தான் தன்னை ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்றார் அவர்.

அடி விழாத அறையிலும் இது நடக்கிறது. தூங்க விடாமல் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். "உன் கூட்டாளி எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்பார் ஒருவர். "ஒத்துக்கோ தம்பி, வீட்டுக்கு அனுப்பிடறோம்" என்பார் கனிவாகப் பேசும் இன்னொருவர். தண்டனை எங்கோ இருக்கிறது. அந்த அறையை விட்டு வெளியே போவதுதான் அப்போதைய ஒரே தவிப்பு. கொடுமை என்னவென்றால், 'நான் எதுவும் செய்யலையே, கோர்ட்டில் உண்மை தெரிஞ்சிடும்' என்ற நம்பிக்கையே நிரபராதியைத் தலையாட்ட வைக்கிறது. சிறுவர்கள் இன்னும் சீக்கிரம் உடைந்துபோவார்கள்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்கிறது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 23வது பிரிவு. ஆனால் அதிலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். "கத்தியை அந்தக் கிணத்துல போட்டேன்" என்ற ஒற்றை வரியை வாங்க அவ்வளவு பாடுபடுவது அதனால்தான். விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வெற்றுத்தாளில் ஒருபோதும் போடாதீர்கள்.

கைது செய்யும் போலீஸ் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது, முழு நேரமும் இல்லாவிட்டாலும், வழக்கறிஞரைச் சந்திக்கலாம். வசதி இல்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

மாஜிஸ்திரேட் முன் தரும் ஒப்புதல்தான் செல்லும் என்பதால், அங்கேதான் அதிக விழிப்பு வேண்டும். ஒப்புக்கொள்ளக் கட்டாயமில்லை என்பதை அவர் முதலில் விளக்கியாக வேண்டும். "அங்கே மாத்திச் சொன்னா திரும்ப எங்ககிட்டதான் வருவே" என்று மிரட்டி அனுப்பியிருப்பார்கள். ஆனால் வாக்குமூலம் தர விருப்பமில்லை என்று சொன்னவரைப் போலீஸ் காவலுக்கு அனுப்பவே சட்டம் மாஜிஸ்திரேட்டை அனுமதிப்பதில்லை. மிரட்டலையும் காயங்களையும் அவரிடமே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். காவல் நிலையங்களில் சிசிடிவி இருக்க வேண்டும் என 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவு அழிவதற்குள் அதைப் பாதுகாக்கக் கோரி வழக்கறிஞர் மூலம் உடனே மனுப் போடுங்கள்.