முட்டி வலியோடு ஆட வைப்பது பயிற்சி அல்ல

நன்றாக ஆடும் எட்டாம் வகுப்புப் பையனுக்குக் காலையில் பள்ளி அணியோடு பயிற்சி, மாலையில் கிளப், சனி ஞாயிறு ஊர்த் திடலில் டோர்னமென்ட். காலைக் கணக்கு பி.டி. சாருக்குத் தெரியும், மாலைக் கணக்கு கிளப் கோச்சுக்குத் தெரியும். ஒரு வாரத்தில் அவன் மொத்தம் எத்தனை முறை எகிறிக் குதித்தான் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. இளம் வாலிபால் வீரர்களின் உடல் பெரும்பாலும் இங்கேதான் கெடத் தொடங்குகிறது.

அளவோடு பயிற்சி செய்தால் வாலிபால் எலும்பை உறுதியாக்கும், கால் தசைக்கு வலுவூட்டும், மூச்சுத் திறனைக் கூட்டும். பிள்ளையை மைதானத்திலிருந்து நிறுத்த வேண்டியதில்லை. அளவைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கே பாதிப்பு?

பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் ஆண்பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். முழங்கால் சில்லிலிருந்து இறங்கும் தசைநாண் கால் எலும்போடு சேரும் இடம் அந்த வயதில் இன்னும் முற்றியிருக்காது. ஸ்மாஷுக்கும் பிளாக்குக்கும் எகிறும்போதெல்லாம் தொடைத்தசை அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது. நாளடைவில் அங்கே மேடு தட்டும். கட்டைவிரலால் அழுத்தினால் பிள்ளை துடித்துப்போகும், மண்டியிட முடியாது. இதை மருத்துவர்கள் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். சற்று மூத்தவர்களுக்குச் சில்லின் கீழ்முனையிலேயே வலிப்பது ‘ஜம்பர்ஸ் நீ’. சிமென்ட் தரையில் குதித்தால் வலி இன்னும் கூடும்.

நெட்டருகே அடுத்தவர் பாதத்தின்மேல் இறங்கிக் கணுக்கால் பிசகுவது இந்த ஆட்டத்தில் அடிக்கடி நேரும் காயம். ஓயாமல் சர்வீஸும் ஸ்மாஷும் அடிப்பவர்களுக்குத் தோள் வலி வரும்.

பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாத பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோவது உண்டு. “பிராக்டீஸ் பண்ணினா அப்படித்தான்” என்று விட்டுவிடக் கூடாது. அது எலும்பு பலவீனமாவதன் முன்னறிகுறி. மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

என்ன செய்யலாம்?

- வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. வாரப் பயிற்சி நேரம் வயதைத் தாண்டாமல் இருக்கட்டும்: 13 வயதுக்கு 13 மணி நேரம் மேல்வரம்பு. ஆண்டில் இரண்டு மூன்று மாதம் இந்த ஆட்டத்துக்கு விடுமுறை.
- பள்ளி, கிளப், டோர்னமென்ட் மூன்றையும் ஒரே நோட்டில் எழுதி எல்லாக் கோச்சுகளிடமும் காட்டுங்கள்.
- ஸ்ப்ரே அடித்தோ மாத்திரை போட்டோ ஆட வைக்காதீர்கள். வலி மறையும், காயம் பெருகும்.
- கணுக்கால் பிசகினால் எண்ணெய் தடவி உருவ வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றி வைத்து, கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வையுங்கள். நான்கு அடி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு சிகிச்சைப் பிரிவும் பிசியோதெரபியும் உண்டு.

சட்டம் யார் பக்கம்?

தோற்றதற்குத் தண்டனையாக வாத்து நடை நடக்க விடுவதும், எல்லோர் முன்னும் கேவலமாகத் திட்டுவதும் பல மைதானங்களில் வழக்கமாகிவிட்டன. 14 வயது வரையுள்ள மாணவர்களைப் பள்ளியில் அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவரைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு கொடுமைப்படுத்துவது, 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். பள்ளிக்கு வெளியே உள்ள கோச்சுக்கும் இது பொருந்தும். பாலியல் சீண்டல் நடந்தால் போக்சோ சட்டம் (2012) பாயும். தெரிந்தும் புகார் தராமல் மறைப்பதும் குற்றமே. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

பெற்றோரே, “முட்டி வலிக்குது” என்று பிள்ளை சொன்னால் சாக்குச் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். அன்றைய ஆட்டத்தை நிறுத்துங்கள். கோச்சிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். எந்தக் கோப்பைக்காகவும் வளரும் பிள்ளையை வலியோடு ஆட வைக்க யாருக்கும் உரிமையில்லை.