இரண்டு அறிக்கைகளும் உண்மையாயிருக்கலாம்

என் நுரையீரலில் இரண்டு சென்ரிமீற்றர் அளவில் ஒரு நிழல். பி.ஈ.ரி. ஸ்கான் அறிக்கை புற்றுநோய் எனப் பலமாகச் சந்தேகித்தது. ஊசியால் எடுத்த பயொப்சியோ 'புற்றுநோய்க் கலங்கள் காணப்படவில்லை' என்றது. நண்பர்கள் கைகுலுக்கினார்கள். எனக்கும் பின்னதை நம்பவே விருப்பம். இன்னொரு பரிசோதனை என்றால் இன்னொரு நாள் சம்பளமும் போகும். ஆனால் ஒரு காலத்தில் புள்ளிவிபரவியல் படிப்பித்தவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இவ்விரு பரிசோதனைகளும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஸ்கானுக்கு முன் கதிரியக்கப் புளோரீன் சேர்த்த குளுக்கோசை உடலில் ஏற்றுகிறார்கள். அதனை அதிகம் உள்ளெடுக்கும் இழையம் படத்தில் ஒளிர்கிறது. புற்றுநோய்க் கலங்கள் குளுக்கோசை மிகையாக நுகர்வதை ஒட்டோ வார்பர்க் 1920களில் அவதானித்திருந்தார். ஆனால் சயரோகமும் வேறு அழற்சிகளும் அவ்வாறே ஒளிரக்கூடும். ஸ்கான் பசியைக் காட்டும். பசித்திருப்பது யாரென்று சொல்லாது. பயொப்சி யாரென்று சொல்லும். ஆனால் ஊசி தொட்ட இடத்தைப் பற்றி மட்டுமே.

உதாரணமாக, இத்தகைய நிழலுள்ள 100 பேரில் 80 பேருக்குப் புற்றுநோய் என்றும், ஊசி பத்தில் ஒன்பதைக் கண்டுபிடிக்கும் என்றும் கொள்வோம். 72 பேரின் நோய் பிடிபடும். 8 பேருடையது தவறும். நோயற்ற 20 பேரையும் சேர்த்து 28 பேர் 'இல்லை' என்ற அறிக்கையுடன் வீடு திரும்புவர். அவர்களில் 8 பேருக்குப் புற்றுநோய் உண்டு. அதே ஊசி, 100 பேரில் 10 பேருக்கே நோயுள்ள இடத்தில், 91 'இல்லை'களில் ஒன்றில்தான் தவறும். தோமஸ் பேய்ஸ் இறந்தபின் 1763இல் வெளிவந்த அவரது கட்டுரையிலிருந்து வளர்ந்த சிந்தனை இதுதான்: புதிய சான்றின் பெறுமதி, முன்பிருந்த சாத்தியத்தையும் பொறுத்தது.

ஆகவே வைத்தியரிடம் கேட்கவேண்டியது 'எது சரி?' என்பதல்ல, 'ஸ்கானில் தெரிந்ததை இந்தப் பயொப்சி விளக்குகிறதா?' என்பதே. 'புற்றுநோய் இல்லை' என்பது விளக்கமல்ல. 'இன்னது உண்டு' என்பதே விளக்கம். அந்நிய மொழியில் வைத்தியரைக் கேள்வி கேட்க எம்மில் பலர் தயங்குகிறோம். நானும் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். நிபுணர்கள் இரு அறிக்கைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபின், ஒளிர்ந்த இடத்திலேயே மறுபடியும் ஊசி ஏற்றப்பட்டது.

சயரோகம் என்று முடிவு வந்தது. ஆறு மாத மருந்து. இரண்டு அறிக்கைகளும் பொய் சொல்லவில்லை. முதல் 'இல்லை'யோடு நான் நின்றிருந்தால், புற்றுநோய் இல்லையென்ற மகிழ்ச்சியிலேயே இந்த நோயை வளர்த்திருப்பேன்.