சித்திரமாய் ஒரு கணினி விளையாட்டு

கணினி விளையாட்டு என்றதும் பெற்றோர் முகம் சுளிப்பது இயல்பே. பலவற்றில் சுடுவதும் வெட்டுவதுமே மிகுதி. ஆயினும் கார்ட்டூன் படம் போலவே தோன்றும் ஒரு வகையும் உண்டு. அதற்குச் 'செல் ஷேடிங்' என்று பெயர். முற்காலத்தில் கார்ட்டூன் படங்களைச் செல்லுலாய்டுத் தாள்களில் தீட்டினர். 'செல்' என்பது அதன் சுருக்கம். உருண்டையான பொருளின் மீது விழும் ஒளி சிறிது சிறிதாகத்தான் மங்கும். இம்முறையிலோ கணினி அதனை இரண்டு மூன்று பட்டைகளாகவே பிரித்துவிடுகிறது. கோலத்தைச் சுற்றிச் செம்மண் இடுவது போல, ஓரங்களில் கருங்கோடும் இடுகிறது.

2002-இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட 'விண்ட் வேக்கர்' இவ்வகையது. அதன் படங்களை முதலில் கண்ட பலர் குழந்தைத்தனம் என்று நகைத்தனர். ஆனால் கடலில் படகோட்டும் அச்சிறுவன் இன்றும் பழமை தட்டாமல் இருக்கிறான்!

தோழியரே, நான் முதலில் பரிந்துரைப்பது 'வெண்பா'. டொராண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023-இல் வெளியிட்டது. இது செல் ஷேடிங் அன்று, கார்ட்டூனாகவே வரையப்பட்டது. 1980களில் கனடா சென்ற வெண்பா, தன் தாயின் கிழிந்த சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்கிறாள். அழிந்த வரிகளை நாம்தான் ஊகிக்க வேண்டும். மகன் கவினோ வளர வளரத் தமிழை விட்டு விலகுகிறான். அவ்விடத்தில் சமையலை மறந்து அந்தத் தாயையே பார்த்திருப்போம். 2024-இல் இதற்குப் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அம்மாவையும் அருகில் அமர்த்திக்கொண்டால், இட்லித் தட்டு அடுக்கும்போது உதவுவார்.