பிரசவப் பையில் துணி மட்டும் போதுமா?

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். ஆனால் கணவரின் வேலை, லீவு, மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று பல காரணங்களால் பிரசவத்தை இங்கேயே வைத்துக் கொள்ளும் குடும்பங்கள் சான்பாடாவிலும் உண்டு. திருநெல்வேலியில் அம்மா ரயில் ஏறினால் வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். வலி அதுவரை காத்திராது. எட்டாம் மாதம் முடிவதற்குள் பையைத் தயார் செய்து, கணவருக்கும் தெரிந்த இடத்தில் வைத்துவிட வேண்டும்.

துணிமணி

தாய்க்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று, உள்ளாடை, நாப்கின், போர்வை, செருப்பு, சோப்பு, சீப்பு, தட்டு, டம்ளர், பிளாஸ்க். குழந்தைக்குத் துவைத்து வெயிலில் காய வைத்த பழைய வேட்டித் துண்டுகள், ஜபலா, குல்லாய், காலுறை. தேனும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். சேனை வைக்கப் பாட்டி ஆசைப்படலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பதே நல்லது என்கிறார்கள் டாக்டர்கள்.

காகிதங்கள்

பரிசோதனைக் கார்டு, ரத்தப் பிரிவு, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், ரேஷன் கார்டு, பாங்கு பாஸ்புக், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ். 2011 ஜூன் முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனைகளில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம் யாவும் இலவசம்.

பெயர்ச் சீட்டு

நம்மவர்கள் பலர் மறப்பது இதைத்தான். நமக்கு இருப்பது இனிஷியல். இங்குள்ள பாரங்களில் பெயர், தகப்பனார் பெயர், குடும்பப் பெயர் என மூன்றும் கேட்பார்கள். பதற்றத்தில் வாயால் சொன்னால், எழுதுபவர் காதில் விழுந்தபடிதான் எழுதுவார். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பிழை விழுந்தால் திருத்த அலைய வேண்டியது பெற்றோர்தான். எனவே ஆதாரில் உள்ளபடி தாய், தந்தை பெயர்களை ஆங்கில எழுத்தில் கொட்டையாக எழுதிப் பையில் வையுங்கள். பதிவு, குழந்தை பிறந்த ஊரிலேயே, 21 நாளுக்குள். குழந்தையின் பெயரைப் பிறகு சேர்க்கலாம்.

நடுராத்திரியில்

வாஷி மாநகராட்சி மருத்துவமனை அடுத்த ஸ்டேஷன்தான். ஆனால் நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் லோக்கல் ஓடாது. 108க்குப் போன் செய்யலாம். தெரிந்த ஆட்டோக்காரர் நம்பரும் கையில் இருக்கட்டும். மராத்தி தெரியாத பெண் "களா யேதாயத்" (வலி வருகிறது) என்ற இரு சொற்களையாவது பழகிக் கொள்ளட்டும். கணவர் டூட்டியில் இருக்கும் நேரமானால், பையோடு கூடப் போவது யார் என்பதை அடுத்த வீட்டு அக்காவிடம் இன்றே பேசி வைப்பது நல்லது.